பிரான்சு ராசாவின் தங்கை மகள்

உங்களில் எத்தனை பேருக்கு மாமா ராஜாவாக இருந்தார்? எனக்கு இருந்தார். பேச்சுக்குச் சொல்கிற ராஜா இல்லை. பிரான்சு தேசத்துக்கே ராஜா.

சிரிக்காதீர்கள். வளைகுடாவில் பிறந்து வளர்ந்து, இன்று தலைக்குச் சாயமும் முட்டிக்குத் தைலமுமாக ஓடிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நமக்குச் சொந்தக்காரர்கள் என்றால் யார்? ஆல்பத்தில் இருப்பவர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அம்மாக்கள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இது பெரியம்மா, இது அத்தை, இது செத்துப்போன தாத்தா" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். நாம் தலையாட்டுவோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் ஊருக்குப் போய் அவர்களை நேரில் பார்க்கும்போது, படத்தில் இருந்ததைவிடக் குட்டையாக இருக்கிறார்களே என்று நினைப்போம்.

எங்கள் ஆல்பத்தில் ஒரு படத்துக்கு மட்டும் அம்மாவின் விரல் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். அதில் ஒருவர் கையை இடுப்பில் ஊன்றி நிற்பார். தலையில் ஜிகினாத்தாள் ஒட்டிய கிரீடம். தோளில் சிவப்பு வெல்வெட் அங்கி. மார்பு நிறையக் கண்ணாடி மணிகள். கையில், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய வாள். மணிக்கட்டில் கடிகாரம், காலில் ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ராஜா என்றால் வீட்டில் செருப்புப் போடக்கூடாதா?

"இதுதான் ஒன் மாமா. பிராஞ்சு ராசா" என்பார் அம்மா.

அம்மாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். கோயில் திருவிழா முடிகிற சமயத்தில் அங்கே கூத்துப் போடுவார்கள். ராமனும் இல்லை, அர்ச்சுனனும் இல்லை. பிரான்சு தேசத்து மகாராசா, அவருடைய பன்னிரண்டு தளபதிகள், ஊதுகொம்பு வைத்திருக்கும் ரோல்தான் என்கிற மருமகன் என்று எல்லாரும் சலங்கை கட்டி ஆடுவார்கள். பகலெல்லாம் வலை இழுத்தவர்கள் சாயங்காலம் ஐரோப்பாவை ஆளுவார்கள். எந்த வேஷம் எந்த வீட்டுக்கு என்று கணக்கு உண்டு. ராசா வேஷம் அம்மா வீட்டுக்கு. தாத்தாவுக்கு அப்புறம் மாமா கட்டினார். இதையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் மாமா ராஜா.

நாங்கள் ருவைஸில் இருந்தோம். சுத்திகரிப்பு ஆலைக் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு. எல்லாக் கட்டடமும் ஒரே நிறம், ஒரே உயரம். எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க அடையாளம் வாசலில் அப்பா வைத்த கறிவேப்பிலைச் செடி. ஆலையின் தீக்கொழுந்து திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் ஆடும். அப்பாவின் ஊரில் போய்ப் படுத்தால் இருட்டு பழகாமல் நான் அழுவேனாம். அம்மா கிளினிக்கில் நர்ஸ். அப்பா ஆலையில் வெல்டர், சிவகங்கைப் பக்கத்து ஆள். அவர் வீட்டில் அய்யனார், அம்மா வீட்டில் அந்தோணியார். இரண்டு பேரும் இங்கே வந்த இடத்தில் பார்த்துப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு சாமிகளும் பக்கத்துப் பக்கத்தில் சண்டையில்லாமல் இருந்தார்கள். மனிதர்களுக்குத்தான் அந்தப் பெருந்தன்மை வரவில்லை.

அந்தக் குளிர்காலம் பள்ளிக்கூடத்தில் வம்போடு தொடங்கியது. வரலாற்று மிஸ் ஒருநாள் பெரிய படம் ஒன்றைப் பலகையில் மாட்டினார். நரைத்த தாடி, கிரீடம், வாள். இவர்தான் சார்லமேன், பிரான்சு தொடங்கி ஐரோப்பாவில் பாதியை ஆண்ட பேரரசர், பன்னிரண்டு வீரர்கள் இவருக்குத் துணை, அவர்களில் ரோலண்ட் பெரிய சூரன் என்று மிஸ் சொல்லச் சொல்ல எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையைத் தூக்கி எழுந்து நின்றேன்.

"மிஸ், ஹீ இஸ் மை அங்கிள்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மிஸ் சிரிக்காமல், "அப்படியா? அவர் செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறதே" என்றார் ஆங்கிலத்தில். நான் விடவில்லை. "இல்லை மிஸ். எங்கள் வீட்டில் போட்டோ இருக்கிறது" என்றேன். அன்று முதல் பள்ளிப் பேருந்தில் எனக்குப் பெயர் பிரின்சஸ். மலையாளத்துப் பையன்கள் நான் ஏறும்போது எழுந்து நின்று சலாம் வைப்பார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ராசா வீட்டுப் பொண்ணக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு பத்தாதா ஆத்தா, நீ வேற ஏன் ஊரெல்லாம் சொல்ற?" என்றார். அம்மாவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் அப்பா எனக்கு விஷயத்தைச் சொன்னார். கல்யாணச் செய்தி ஊருக்குப் போனதும் அம்மா வீட்டில் கலவரம். மாமா கோயில் கொடிமரத்தில் கை வைத்து, எல்லார் முன்னாலும், "இனி அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டார். அந்தக் கரையில் கொடிமரத்தைத் தொட்டுச் சொன்ன வார்த்தை கல்லில் வெட்டியது. நான் பிறந்தபோதுகூட அவர் எட்டிப்பார்க்கவில்லை. அம்மாவுக்கு அவர் ஒரே அண்ணன். தாத்தா பாட்டி போன பிறகு பிறந்த வீடு என்று சொல்ல அவர் ஒருவர்தான் மிச்சம்.

டிசம்பரில் ஆலையில் ஷட் டவுன் வந்தது. உங்களுக்குத் தெரியும், ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் நாள்களில் எங்கிருந்தெல்லாமோ காண்ட்ராக்ட் ஆட்கள் வந்து இறங்குவார்கள். தொழிலாளர் கேம்ப் நிரம்பி வழியும். அம்மாவின் கிளினிக்கில் கையைக் கிழித்துக்கொண்டு வருபவர்களும் காலில் இரும்பைப் போட்டுக்கொண்டு வருபவர்களும் கூடிவிடுவார்கள். அப்படிக் கட்டுப்போட வந்த ஒருவர் அம்மாவின் ஊர்க்காரராகப் போய்விட்டார்.

"ஒங்க அண்ணனும் எங்க கேம்ப்லதானே கெடக்காரு. ரிக்கர் வேலை. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாராம்.

படகும் ராசா வேஷமுமாக இருந்தவர் எப்போது வளைகுடாவுக்கு வந்தார், இரும்பு தூக்கும் வேலைக்கு எப்போது போனார் என்று அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஷட் டவுன் முடிந்ததும் எல்லாரையும் அடுத்த தேசத்து யான்புவுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றும் அந்த ஊர்க்காரர் சொல்லியிருந்தார். அன்று குழம்பு அடிப்பிடித்தது. அம்மா அடுப்புக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளே அப்பா, "வா, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

"கேம்புக்குப் பொம்பளைய விடுவாங்களா? விட்டாலும் நாலு பேர் முன்னால மொகத்தத் திருப்பிக்கிட்டா நான் என்ன செய்வேன்?"

"அப்ப நான் மட்டும் போறேன்."

"நீங்க போனா அடிதான் விழும். அவங்க வரட்டும். பக்கத்துலதானே இருக்காங்க, வருவாங்க."

வரவில்லை. கேம்ப் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷ தூரம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி போட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் பழைய சோறு தின்றோம்.

அந்த நாள்களில் ஒரு சாயங்காலம், என் யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டே அம்மா எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். சார்லமேனுக்கு ஒரு தங்கை இருந்தாள். அவள் ஓர் ஏழைப் படைவீரனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். ராஜாவுக்கு ஆத்திரம். நாட்டை விட்டே விரட்டிவிட்டார். அவள் ஒரு குகையில் குடியிருந்து பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளைதான் மிஸ் சொன்ன ரோலண்ட், கூத்தில் ரோல்தான். உடுத்தத் துணியில்லாமல், ஊர்ப்பிள்ளைகள் கொடுத்த துண்டுகளை ஒட்டுப்போட்டு உடுத்தி வளர்ந்தான். ஒருநாள் ராஜா அந்தப் பக்கம் வந்து பந்தி போட்டார். அம்மா பசியாக இருக்கிறாளே என்று அந்தப் பொடியன் நேரே உள்ளே போய், ராஜாவின் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு நடந்தான்.

"கூத்துல இந்த எடம் வரும்போது சனம் மூச்சு விடாது. ஒங்க மாமா எழுந்து நின்னு கேப்பாங்க பாரு, 'யார் பெற்ற பிள்ளை நீ, என் தட்டில் கை வைக்க?' அப்படின்னு. கடலுக்கே கேக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பிள்ளை பின்னாலயே ராசா போவாரு. போயி தங்கச்சியப் பாப்பாரு."

அம்மா அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது வேலை ஏவியது போலத்தான் கேட்டது. செய்யவேண்டியது என்ன என்று இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பெரியவர்கள் ஏன் கூடுதல் சோறு வடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அப்பா வெள்ளிக்கிழமைகளில் முடிவெட்டிக்கொள்ள கேம்புக்குப் போவார். அவர் ஊர்க்காரர் ஒருவர் அங்கே பொழுதுபோக்காகக் கத்தரி பிடிப்பவர். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். ஒட்டுப்போட்ட சட்டைக்கு எங்கே போவது? வெல்டிங் பொறி பட்டு ஓட்டை ஓட்டையாக இருந்த அப்பாவின் பழைய சட்டையைக் கவுனுக்கு மேல் மாட்டிக்கொண்டேன். "என்னத்தா இது கோலம்?" என்று அப்பா கேட்டார். குளிருகிறது என்றேன்.

கேம்ப் வாசலில் பட்டாணிய வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டு, "பச்சி அந்தர் நஹி, பாய்" என்று பிள்ளையை உள்ளே விட மறுத்தார். அப்பா, "பாஞ்ச் மினிட், பாய்" என்று கெஞ்சினார். வாட்ச்மேன் என் சட்டையைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்து உள்ளே விட்டார்.

சாப்பாட்டு நேரம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துண்டைச் சுற்றியதும் நான் மெஸ் ஹாலுக்குள் நழுவினேன். நீள நீளமான ஸ்டீல் மேஜைகள். பருப்பு வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து அடித்தது. நூற்றுக்கணக்கான ஆட்கள், எல்லாருக்கும் ஒரே நீல உடுப்பு. ஒருவர் தலையிலும் கிரீடம் இல்லை. ராஜாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

காதை வைத்துக் கண்டுபிடித்தேன். அம்மாவுக்குக் காது கொஞ்சம் வெளியே விரிந்திருக்கும், அதற்காகவே தலையைத் தளர்த்திப் பின்னிக்கொள்வார். ஜன்னலோரம் அதே காதுகளோடு ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்தலை வழுக்கை. ஒல்லியான உடம்பு. படத்தில் இருந்த மீசையில் பாதிதான் இருந்தது. தட்டில் சோறு, பருப்பு, பொரித்த மீன் ஒன்று. நேரே போய்த் தட்டை எடுத்தேன்.

"ஏ, யாரு பிள்ளை இது? தட்டை வையி, பருப்பு கொட்டிரும்" என்றார்.

"எங்கம்மாவுக்கு வேணும்" என்றேன்.

அவர் கை பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். சட்டையின் ஓட்டைகளைப் பார்த்தார். நான் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். பருப்பு என் மேல் வழிந்துகொண்டிருந்தது. அவர் மெதுவாக எழுந்தார். அந்த ஒல்லி உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

"யார் பெற்ற பிள்ளை நீ, என் தட்டில் கை வைக்க?"

ஹால் முழுக்கத் திரும்பியது. பிலிப்பினோக்காரர்கள்கூடக் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"உங்க தங்கச்சி பெத்த பிள்ளை" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அதற்குள் அப்பா பாதி வெட்டிய தலையோடு ஓடி வந்துவிட்டார். இருவரும் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. "பிள்ள தெரியாமப் பண்ணிருச்சுங்க, மன்னிச்சுக்கங்க" என்று அப்பா தட்டைப் பிடுங்கப் பார்த்தார்.

"விடுங்க மாப்ள. அவ கொண்டு போட்டும்" என்றார் மாமா. பிறகு அவரே உள்ளே போய், இன்னொரு மீனை வெள்ளித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

அம்மா அந்த மீனை அடுக்களையில் நின்றபடியே தின்றார். ஒரு முள் மிச்சம் வைக்கவில்லை. "உப்பே இல்ல. இதத்தான் தினமும் திங்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே அழுதார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வந்தார். சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கார் நிறுத்தும் இடத்தில் வந்து நின்றுகொண்டார். அம்மா ஈரத்தலையோடு வாசலுக்கு ஓடினார்.

"மெலிஞ்சிட்டியே பிள்ள" என்றார் மாமா.

"நீ மட்டும் என்னண்ணே? உள்ள வா."

"அது முடியாது. சொன்ன வார்த்தை இருக்கு."

கதையில் இந்த இடம் கிடையாதே! அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "உள்ள வராட்டா போ. ஒன்ன யாரு கெஞ்சினா? அங்கேயே இரி." பாயை எடுத்துவந்து இரண்டு கார்களுக்கு நடுவில் விரித்தார். குழம்புச் சட்டி, சோற்றுப் பானை, அப்பளம், எல்லாம் வெளியே போனது. பக்கத்து வீட்டு மலையாளத்து ஆன்ட்டி, நாங்கள் சாவியைத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்து, மாற்றுச் சாவி வாங்க யாரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் எங்களுக்குக் கார்களுக்கு நடுவில்தான் சாப்பாடு. மாமா வாசற்படியிலிருந்து நாலடி தள்ளியே உட்காருவார். பந்து உருண்டு வீட்டுக்குள் போனால் என்னைத்தான் எடுத்துவரச் சொல்வார். அம்மா சிரித்துக்கொண்டேதான் பரிமாறுவார். ஆனால் அவர் போன பிறகு பாயைச் சுருட்டும்போது, "இப்படியே யான்புக்குப் போயிருவாங்க. பொறந்த வீட்டு ஆளு ஒருத்தருகூட என் வீட்டுக்குள்ள காலு வைக்கலன்னுதான் இருக்கும்" என்பார்.

ஒருநாள் மாமா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அன்னைக்குக் கொடிமரத்துல கைய வைக்கும்போது, யாராவது வந்து புடிச்சு இழுப்பாங்கன்னு நெனச்சேன் மாப்ள. கூட்டத்துல ஒருத்தனும் இழுக்கல. சொல்லிட்டேன். சொன்ன பொறகு என்ன செய்ய?" அப்பா அவர் தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்தார். அத்தனை வருஷமும் அண்ணன் மன்னிக்கவில்லை என்று அம்மா நினைத்திருந்தார். அண்ணனோ, திரும்பி வர வழி தெரியாமல் நின்றிருந்தார். நானாக இருந்தால் கொடிமரத்திடமே போய், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஆனால் நான் ராசா வேஷம் கட்டியவள் இல்லையே.

ஷட் டவுன் முடியச் சில வாரங்கள் இருந்தன. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, சோறு போட்டு மீனை வைத்த நேரம், மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு காற்று வந்தது. அதன் பின்னாலேயே மழை. ருவைஸ் மழை உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை வரும், வரும்போது சொல்லாமல் வரும். அப்பா பாயைச் சுருட்டினார். அம்மா சோற்றுப் பானையைத் தூக்கினார். நான் அப்பளத்தைக் காப்பாற்றினேன். மாமா குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, புயலில் படகைக் கரையேற்றுகிற வேகத்தில் ஒரே ஓட்டமாக ஓடி வந்தார்.

சட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் வாசலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார்.

"மழைக்கு ஒதுங்கினா அது மிதிச்சதாகாது" என்றார்.

"ஆகாதுண்ணே. ஊர்ல எத்தன வீட்ல ஒதுங்கியிருக்கோம்" என்றார் அம்மா. "கையக் கழுவிட்டு இரி. சோறு நனையல."

அவர் இருந்தார். மழை கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாமா வீட்டை ஒவ்வொரு அறையாகச் சுற்றிப் பார்த்தார். அலமாரியில் அந்தோணியாருக்கும் அய்யனாருக்கும் முன்னால் நின்று, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுவாரம் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. வெயிலில் கண் கூசியது. கார்களுக்கு நடுவில் பாயை விரிக்கலாமா வேண்டாமா என்று அம்மா கையில் பாயோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மாமா கேம்ப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கார்களைத் தாண்டினார். வாசற்படிக்கு வந்து, ஒரு மேகமும் இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, எண்ணெய் வைத்துச் சீவிய தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மழை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

அம்மா பாயைக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். "தலையத் தொவட்டுண்ணே, சளி பிடிச்சிரும்" என்றார்.